தராசில் நான்கு துடுப்பு

சித்தி மகனுக்குப் போன மாதம் போனஸ் வந்தது. வந்த அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கறுகறுவென்று, எண்ணெய் தேய்த்ததுபோல மின்னும் ஒரு கார்பன் பேடில்; நின்றுகொண்டே வலிக்கும் ‘சப்’ போர்டுக்கான துடுப்பு. கீழே ஒரே வரி: “அண்ணா, 470 கிராம்தானாம். வாங்கிடட்டா?”

“நாளைக்குச் சொல்றேன்டா” என்று போட்டுவிட்டுப் படுத்தேன். அந்த நாளை வர மூன்று வாரம் ஆகிவிட்டது. இதே கேள்வியை நான் நாலு வருஷமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு பால்கனி மூலையில் துணி காயப்போட இடமில்லாமல் பேடில்கள் சாய்ந்து நிற்பதும், அதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொள்வதும் இந்தக் கேள்வியால்தான். இந்த முறை வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், கையில் இருந்தது இரண்டு, இரவல் வாங்கியது இரண்டு என நாலையும் ஒன்றாக வைத்து எடைபோட்டு, தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். எழுதியது அவனுக்காக. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே போர்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலைகிற மற்றவர்களும் படிக்கலாம்.

தெரியாதவர்களுக்கு: ‘சப்’ என்பது அகலமான, தடிமனான போர்டின் மேல் நின்றுகொண்டு, ஆளைவிடச் சற்று உயரமான ஒற்றைத் துடுப்பால் வலித்துப் போவது. அமைதியான தண்ணீரில் போனால் உலா. அலையில் ஏறி இறங்கினால் சப் சர்ஃபிங். ஹவாய்த் தீவில் பிறந்து, 2000-க்குப் பிறகு லேர்ட் ஹாமில்டன் போன்ற சர்ஃபிங் வீரர்களால் உலகமெங்கும் பரவிய விளையாட்டு. எங்கள் பெரியப்பாவிடம் இதை விளக்கினால் சிரிக்கிறார். கட்டுமரத்தின் மேல் நின்று, பிளந்த மூங்கிலை வைத்து அலையைத் தாண்டிப் போன ஆள் அவர். “அதுக்கு இன்னாடா ஒரு பேரு, ஒரு கிளாஸு, ஒரு ஃபீஸு?”

அவர் சிரிப்பது இருக்கட்டும். முதலில் நம் கரையைப் பற்றி ஒரு வார்த்தை. பேடில் வாங்கும்போது யாரும் கரையைப் பார்ப்பதில்லை.

சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழும்பிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வரும் மணல் துறைமுகத்தைத் தாண்ட முடியாமல் நின்றுபோனது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. வீடும் ரோடும் போகாமல் இருக்கக் கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்கள்) போட்டார்கள். ஆக, சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் ஒருவன் அலையில் விழுந்தால் மணலில் விழுவான். இங்கே இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே சேர்ந்திருக்கும் கொஞ்ச மணல்தான் நமக்கு வாசல். இரண்டு பக்கமும் கல். போர்டை விட்டுவிட்டால் காலில் கட்டிய கயிறு இழுத்துப் பிடிக்கும். பேடிலுக்குக் கயிறு கிடையாது. அது நேரே கல்லுக்குத்தான் போகும்.

இணையத்தில் ‘எந்தப் பேடில் நல்லது’ என்று தேடினால் வருவதெல்லாம் மணல் கரைக்காரர்கள் எழுதியது. அவர்கள் சொல்வது பொய்யில்லை. கல்லைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

நாலு பேடில் எவை என்று சொல்கிறேன். முதலாவது, காற்றடித்துப் பயன்படுத்தும் போர்டோடு பையில் சேர்ந்தே வந்த அலுமினியப் பேடில்; தண்டு அலுமினியம், பிளேடு (தண்ணீரைத் தள்ளும் தட்டையான முனை) பிளாஸ்டிக், நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டாவது, முழுக்க ஃபைபர் கிளாஸ், அதாவது கண்ணாடி இழை; ஒரே நீளம். மூன்றாவது, தண்டு கார்பன், பிளேடு நைலான். கடைகளில் ‘கார்பன் பேடில்’ என்ற பெயரில் அதிகம் தள்ளப்படுவது இதுதான். நாலாவது, தலை முதல் கால் வரை கார்பன். நண்பர் ஒருவருடையது, கொடுக்கும்போதே “கல்லுகிட்ட போகாதீங்க” என்று மூன்று முறை சொல்லிக் கொடுத்தார். மரத்தில் செய்த பேடில்களும் உண்டு. பார்க்க அழகு, பிடிக்க இதம். ஆனால் நல்ல மரப் பேடில் பெரும்பாலும் முக்கால் கிலோவுக்கு மேல் போகிறது. வார்னிஷ் உரிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறும். லேசான பேடில் தேடுகிறவனுக்கு அது வேண்டாம். அதோடு அதை விட்டுவிடுகிறேன்.

நாலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறார். ரெசினும் (இறுகும் பசை) மேட்டும் (கண்ணாடி இழைப் பாய்) அவர் கையில் தினமும் புழங்குகிற சரக்கு. ஒவ்வொன்றாக எடுத்து, பிளேடு மேலே வருகிற மாதிரி தலைகீழாகத் திருப்பி ஆட்டிப் பார்த்தார். நாலாவதை எடுத்ததும், “ஒட்டடைக் கொம்பு மாரி கீது” என்றார். மூன்றாவதில் நின்றார். இரண்டாவதை மறுபடி எடுத்தார். மறுபடி மூன்றாவது.

“எது லேசு?” என்று கேட்டேன்.

“இத்தத்தான் லேசுன்னு வித்தானா? புடி லேசாத்தான் கீது. தலை கனம்டா.”

தராசில் போட்டிருந்தால் மூன்றாவதுதான் இரண்டாவதைவிட லேசு. கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார், கிராம் கணக்கில் பார்த்தால் அவர் சொல்வதும் சரி. ஆனால் அந்தக் கையின் கணக்கு வேறாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். (மாவு அளக்கும் தராசு. துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன், அது தனிக் கதை.)

சோதனை எளிது, யாரும் செய்யலாம். தராசைத் தரையில் வையுங்கள். பேடிலின் பிளேடு நுனி தராசின் மேல் படட்டும். மறுமுனையில் கைப்பிடியை, தராசு இருக்கும் அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வையுங்கள். பேடில் தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். இப்போது தராசு காட்டுவது மொத்த எடையல்ல. பிளேடு முனையில் உட்கார்ந்திருக்கும் எடை. எல்லாவற்றையும் என் நீளத்துக்கு, 180 சென்டிமீட்டருக்கு ஒட்டி வைத்துப் பார்த்தேன்.

அலுமினியம்: மொத்தம் 1,050 கிராம், பிளேடு முனையில் 605. ஃபைபர் கிளாஸ்: மொத்தம் 710, பிளேடு முனையில் 390. கார்பன் தண்டும் நைலான் பிளேடும்: மொத்தம் 680, பிளேடு முனையில் 445. முழுக் கார்பன்: மொத்தம் 470, பிளேடு முனையில் 270.

இரண்டாவதையும் மூன்றாவதையும் இன்னொரு முறை படியுங்கள். மொத்தத்தில் 30 கிராம் லேசான பேடில், முனையில் 55 கிராம் கனம். கார்பன் என்ற பெயருக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கினோம். அந்த லேசெல்லாம் தண்டில், கை பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கனம் அத்தனையும் தூரத்துக் கோடியில் இருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், வலிக்கும்போது தண்ணீருக்குள் இருக்கும் பிளேடை நாம் தூக்குவதில்லை. அது முடிந்து, பிளேடை வெளியே எடுத்து, வீசி, முன்னால் கொண்டுபோய் மறுபடி குத்துகிறோமே, அங்கேதான் தோள் வேலை செய்கிறது. நிதானமாகப் போனாலே நிமிஷத்துக்கு நாற்பது முறை வீசுவேன். ஒரு மணி நேரத்துக்கு 2,400. வாளியில் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அலையில் இன்னும் மோசம்: வலப்பக்கம் வலித்துக்கொண்டிருக்கும்போதே அலை வேறு பக்கம் நிமிர்கிறது, பேடிலைத் தலைக்கு முன்னால் சுழற்றி இடப்பக்கம் மாற்ற வேண்டும். முனை கனமான பேடில் அந்த அரை நொடியில் தாமதிக்கும். அலை போய்விடும்.

ஆகவே கடையில் மொத்த எடையைக் கேட்காதீர்கள். கேட்டாலும், பேடிலின் நடுவில் ஒற்றை விரலை வைத்து எங்கே சமநிலைக்கு வருகிறது என்று பாருங்கள். அந்தப் புள்ளி பிளேடுக்குப் பக்கமாகத் தள்ளிப்போக, தலை கனம் என்று பொருள். நாலில் மூன்றாவதுக்குத்தான் அது அதிகமாகத் தள்ளிப்போனது.

இன்னொன்று. ‘கார்பன்’ என்ற சொல்லே வழுக்கும் சொல். மேலே ஒற்றை அடுக்கு கார்பன் நெசவைச் சுற்றி, உள்ளே முழுக்கக் கண்ணாடி இழையை வைத்தாலும் பார்வைக்குக் கட்டம் கட்டமாக, அசல் போலவே இருக்கும். ‘3கே’ என்று எழுதியிருப்பதும் தரத்துக்கான சான்று இல்லை. ஒரு கற்றையில் 3,000 இழை என்பதுதான் அதன் பொருள். இரண்டு வருஷம் முன்பு நான் இணையத்தில் வாங்கிய ஒரு ‘கார்பன்’ தண்டில் கார்பனே இல்லை, வெறும் அச்சிட்ட தாள். கண்டுபிடித்தது ஒரு மல்டிமீட்டர். கார்பன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. மேலே ரெசின் பூச்சு இருப்பதால் வெளியே வைத்தால் காட்டாது. கைப்பிடியைக் கழற்றி, வெட்டிய விளிம்பில் மீட்டரின் இரண்டு முனையையும் வைக்க வேண்டும். என் மீட்டர் ஊமையாக இருந்தது. விற்றவர்களும் அப்படியே இருந்தார்கள். பத்து சதவீதம் கார்பன் கலந்திருந்தாலும் மீட்டர் பேசும் என்பதால், இந்தச் சோதனை சுத்தப் பொய்யை மட்டும்தான் பிடிக்கும், அரைப் பொய்யைப் பிடிக்காது.

இனி உடைவதைப் பற்றி. வடசென்னைக்கு இதுதான் பெரிய பேச்சு.

நண்பருடைய பேடில் பத்திரமாகத் திரும்பிப் போய்விட்டது. உடைந்தது அதற்கு முன்னால் நான் ஆசையாக வாங்கிய சொந்த முழுக் கார்பன். ஒரு ஜூலை மாதக் காலை, வெளியே வரும்போது கரை அலை பின்னாலிருந்து தள்ளியது. நான் போர்டைப் பிடிக்கப் போனேன், பேடில் கையை விட்டுப் போய்க் கல்லில் ஒரு ‘டக்’. பெரிய சத்தம்கூட இல்லை, கதவு நாதாங்கி விழுகிற மாதிரி. எடுத்துப் பார்த்தேன். தண்டில் நகம் கீறியதுபோல ஒரு கோடு. துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள், அலையில் இறங்கிச் சாய்ந்து, பேடிலைத் தண்ணீரில் ஊன்றித் திரும்பும்போது கையில் பாதிதான் இருந்தது. முறிந்த இடம் அந்தக் கோடுதான். என் தப்பு, கல்லில் அடிபட்ட கார்பனை ஒரு நாளும் நம்பக்கூடாது.

கார்பனின் குணம் அப்படி. இழுவிசையில் அதன் பலம் பெரியது. ஆனால் வளைந்து கொடுத்து எச்சரிக்கை செய்யாது. ஒரு கீறல் போதும், பாரம் முழுதும் அங்கே போய்க் குவியும், பிறகு ஒரே முறிவு. அலுமினியம் வளையும், நசுங்கும், ஆனால் உங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஃபைபர் கிளாஸ் இரண்டுக்கும் நடுவில்: அடிபட்ட இடம் வெள்ளையாகப் பூக்கும். அந்த வெள்ளைப் புள்ளி கண்ணுக்குத் தெரியும், தொட்டால் மெத்தென்று இருக்கும், ஒட்டுப் போடச் சொல்லி அதுவே கூப்பிடும். கறுப்பில் அப்படி ஒன்றும் தெரியாது.

ஒட்டுப் போடுவதிலும் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. காசிமேட்டில் ஃபைபர் வேலை தெரிந்த கைகள் நிறைய. ஆனால் ஒரு எச்சரிக்கை. படகுகளுக்குப் போடுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். நல்ல பேடில்கள் எபாக்சி என்ற வேறு வகை ரெசினில் செய்தவை. இறுகிய எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, கொஞ்ச நாளில் செதிலாக உரியும். பெரியப்பாவே முதல் தடவை தன் டப்பாவிலிருந்த ரெசினைத்தான் எடுத்தார். எபாக்சியும் அதன் ஹார்ட்னரும் வாங்கிக் கொடுத்த பிறகு போட்ட ஒட்டு இன்றுவரை நிற்கிறது. “இத்த வேலைல கெமிக்கல் அளவு தப்பாப் போவக்கூடாது போல” என்று, தன் கண்ணளவை விட்டுத் தராசில் அளந்து கலந்தார். படகுக்கு அவர் தராசு எடுத்து நான் பார்த்ததே இல்லை.

பிளேடின் விளிம்பு இன்னொரு வம்பு. எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் கல்லிலும் தூணிலும் சிப்பி ஒட்டியிருக்கும். பிளேடு உரசினால் கார்பனும் கண்ணாடி இழையும் பல் விழும், நைலான் கண்டுகொள்ளாது. அதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது: விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் வார் பதித்த ஃபைபர் கிளாஸ் பிளேடு. எடை கொஞ்சம் ஏறும். நான் ஏற்றுக்கொள்வேன். அந்த வார் போர்டின் ஓரத்தையும் காப்பாற்றுகிறது, வலிக்கும்போது பேடில் போர்டில் இடிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீளத்துக்கு வருகிறேன். வரிசைப்படி பார்த்தால் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் காசு செலவில்லாமல் தோளுக்குக் கிடைக்கும் நிம்மதி இதில்தான் இருக்கிறது.

அமைதியான தண்ணீரில் உலாப் போக உங்கள் உயரத்தோடு எட்டு முதல் பத்து அங்குலம் வரை கூட்டுவது பொதுவான வழக்கம். பந்தயக்காரர்கள் இன்னும் கூட்டுவார்கள். அலைக்கு அவ்வளவு வேண்டாம்: தலை உயரத்திலிருந்து ஆறு அங்குலம் வரை. அலையில் முழங்கால் மடித்துக் குனிந்து நிற்கிறோம், பேடில் நீளமாக இருந்தால் மேல் கை தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். ஆரம்பத்தில் 193 சென்டிமீட்டர் பேடிலைத்தான் அலைக்கும் வைத்திருந்தேன். வலத் தோள் பிடித்துக்கொண்டது, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. இயன்முறை மருத்துவரிடம் போனபோது அவர் பேடிலைப் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. “கையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்குறீங்க, செஞ்சு காட்டுங்க” என்றார். காட்டினேன். “இதை ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை?” என்றார். சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே வைத்தியம் பாதி முடிந்துவிட்டது. 180-க்கு இறக்கினேன். அந்தப் பதின்மூன்று சென்டிமீட்டர் எனக்குச் செய்ததை, அலுமினியத்தை விட்டுக் கார்பனுக்கு மாறியது செய்யவில்லை.

அப்படியானால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பேடில்தானே நல்லது என்று கேட்பீர்கள். இரண்டு பேர் ஒரே பேடிலைப் பங்கு போடும் வீட்டுக்கு நல்லது. சனிக்கிழமை பழவேற்காட்டு ஏரி, ஞாயிறு அலை என்று மாறி மாறிப் போகிறவனுக்கும் நல்லது. ஆனால் நீளத்தை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு எடையைக் கூட்டும். அதைவிடத் தொல்லை மணல். நம் கரையோர அலை மணலைக் கலக்கி அடிக்கிறது, பொடி மணல் இரண்டு குழாய்களுக்கு நடுவே போய் உட்காரும், மேலே உப்பு பூக்கும். ஒவ்வொரு முறையும் பிரித்து நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் இறுகிக்கொள்ளும். என் அலுமினியப் பேடில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்து, ஜனவரியில் எடுத்தபோது அசையவில்லை. ஒரு முனையை நானும் மறுமுனையை என் மனைவியும் பிடித்து இழுத்தோம், வெந்நீர் ஊற்றினோம், கடைசியில் அது பிரிந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய் உட்கார்ந்தோம். கார்பன் குழாயில் அலுமினியப் பூட்டோ திருகோ வைத்த மாதிரிகளில் இன்னும் ஒரு சிக்கல்: உப்புத் தண்ணீரில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். வெள்ளைப் பொடியாகக் கொட்டும். வாங்கும்போது பூட்டு பிளாஸ்டிக்கா, திருகு துருப்பிடிக்காத எஃகா என்று பாருங்கள்.

அலுமினியத்துக்கு இன்னொரு சோதனை: வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முழுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே தண்ணீர் ஏறுகிறது. கடலில் கைவிட்டால் மிதக்காது. நடுவில் நுரை வைத்த பிளேடுகளுக்கு இந்தக் கவலை குறைவு.

பிளேடின் அளவைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், எனக்கு அதில் பெரிய கருத்து இல்லை. 80-லிருந்து 120 சதுர அங்குலம் வரை வருகிறது. என் எடை 68 கிலோ, 90-ஐ ஒட்டி இருப்பது போதும். பெரிய பிளேடு ஒரே இழுப்பில் போர்டைத் தூக்கி எறியும், அலை பிடிக்க அது உதவும் என்பார்கள்; உதவும்தான், முதல் அரைமணி நேரத்துக்கு. பிறகு தோள் கணக்குக் கேட்கும். சின்ன பிளேடு, வேகமான இழுப்பு, எனக்கு அதுதான் சரி. பிளேடு தண்டிலிருந்து சற்றுச் சாய்ந்திருக்கும், ஏழு முதல் பன்னிரண்டு டிகிரி வரை; அலைக்குக் குறைந்த சாய்வு வசதி, ஏனென்றால் ஊன்றித் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சாய்வு உங்கள் முகத்தை விட்டு முன்னால் போக வேண்டும். கரண்டியில் குழம்பு அள்ளுவதுபோலத் திருப்பிப் பிடிப்பவர்கள் பத்தில் ஏழு பேர். எடை குறைந்த பேடில் வாங்கித் திருப்பிப் பிடிப்பதற்கு, வாங்காமலே இருக்கலாம்.

தண்ணீரில் நாலும் எப்படி நடந்துகொண்டன? பழவேற்காட்டில் ஒரு சனிக்கிழமை, விடிந்ததும், காற்று எழும்புவதற்கு முன்னால். தண்ணீர் கண்ணாடி. பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லை, பிளேடு சேற்றைத் தொட்டு வந்தது. அலுமினியத்தில் ஒவ்வொரு இழுப்பிலும் பிளேடு கொஞ்சம் பின்வாங்கி வளைகிறது, அந்த நெளிவில் பலம் வீணாகிறது; பதினைந்து நிமிஷத்தில் முழங்கைக்கு மேலே கனம் தெரிந்தது. முழுக் கார்பன் கையில் இருப்பதே தெரியவில்லை. ஆனால் விறைப்பு அதிகம்: குத்திய குத்து அப்படியே தோள்பட்டையில் வந்து இறங்குகிறது. இளவட்டத்துக்குப் பிடிக்கும். நாற்பதைத் தாண்டிய மூட்டுக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு. ஃபைபர் கிளாஸ் தண்டு ஒரு நூல் அளவு வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. கார்பன் தண்டு, நைலான் பிளேடு சேர்ந்ததில் தண்டு விறைப்பு, பிளேடு தொளதொள. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, எனக்கும் ஒத்துப்போகவில்லை.

அலையில் முழுக் கார்பன்தான் முதல். அதை மறைக்க வேண்டியதில்லை. பக்கம் மாற்றும்போது கை நினைப்பதற்கு முன்னால் பேடில் அங்கே போய்விடுகிறது. வாரத்துக்கு நாலு நாள் மணல் கரையில் இறங்குகிறவன், போட்டிக்குப் போக நினைக்கிறவன், கோவளம் பக்கம் குடியிருக்கிறவன் யாராவது கேட்டால் யோசிக்காமல் அதையே சொல்வேன். நம் பக்கத்தில் அதே ஆள் அதை எடுத்துக்கொண்டு கல்லுக்கு நடுவே இறங்கினால், அலையைப் பார்ப்பானா, பேடிலைப் பார்ப்பானா? நண்பரின் பேடிலோடு இறங்கிய அன்று நான் இரண்டு நல்ல அலைகளை விட்டேன். கீழே விழுந்தால் என் முதுகு கல்லில் பட்டாலும் பரவாயில்லை, பேடில் படக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நினைப்போடு கடலில் நிற்பது நல்லதில்லை.

அலுமினியத்தையும் தூக்கிப் போட வேண்டாம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது, படகு, வலை, கரைச் செடி எல்லாம் கறுப்பாகிப்போனது. அந்தப் பக்கத்து மீனவர்களுக்கு அது பிழைப்பு. நமக்கு விளையாட்டு, இரண்டையும் ஒப்பிட முடியாது. பிறகு பல மாதம் கழித்து அங்கே இறங்கியபோதும் கல் இடுக்கில் ஒட்டியிருந்த பிசுக்கு பிளேடில் வந்தது. அந்த மாதிரி இடத்துக்கு, புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கொடுக்க, சேற்றில் ஊன்றி இறங்க, ஒரு முரட்டுப் பேடில் வீட்டில் இருக்கட்டும்.

விலை என்று பார்த்தால், நான் விசாரித்த அளவில் ஃபைபர் கிளாஸ் அலுமினியத்தைப்போல இரண்டு பங்கு, நல்ல முழுக் கார்பன் ஐந்தாறு பங்கு. கார்பன் தண்டு, நைலான் பிளேடு சேர்ந்தது ஃபைபர் கிளாஸைவிட அதிகம். முனையில் கூடுதல் கனத்தைக் கூடுதல் காசுக்கு விற்கிறார்கள்.

ஆகவே தம்பி, உனக்கு: முழு ஃபைபர் கிளாஸ், ஒரே நீளம், விளிம்பில் வார் பதித்தது, பிளேடு 85-ஐ ஒட்டி. நீ 58 கிலோதான், அதற்கு மேல் வேண்டாம். மிச்சப் பணத்தில் நல்ல கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் வாங்கு, உன்னுடைய பழைய கயிற்றின் வெல்க்ரோவை நான் பார்த்தேன். கோவளத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போனால் கார்பனைப் பற்றி மறுபடி பேசலாம்.

இதைப் படித்துவிட்டு அவன் ஒரு நாள் பேசவில்லை. மறுநாள், “அண்ணா, கறுப்புக் கலர்ல ஃபைபர் கிளாஸ் கிடைக்குமா?” என்று கேட்டான். கிடைக்கும். வாங்காதே என்றேன். மே மாத வெயிலில் மணலில் கிடந்த கறுப்புத் தண்டை வெறுங்கையால் எடுத்தவனுக்குத்தான் தெரியும்.

வாங்கிவிட்டான், வெள்ளைதான். தண்டு முழு நீளத்தில், கைப்பிடி தனியாக வந்திருக்கிறது. நாமே வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் வெட்டவிடவில்லை. கைப்பிடியில் எலெக்ட்ரிகல் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, தண்டில் செருகி, நீளமாகவே வைத்து மூன்று வாரம் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு அங்குலம், மறுபடி ஒரு அங்குலம். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, பொடிப் பல் ஹேக்ஸா பிளேடில், தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம், கண்ணாடி இழைத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது; தோலில் பட்டாலும் இரண்டு நாள் அரிக்கும். ஒட்டுவதற்கு எபாக்சி வேண்டாம், ஹாட் மெல்ட் பசை போதும். பின்னால் நீளம் மாற்ற நினைத்தால் சூடு காட்டிக் கழற்றலாம். அதே காரணத்தால், வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பேடிலை விட்டுவிட்டுப் போகாதே என்றும் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் என் கைப்பிடி அப்படித்தான் பசை இளகி, பிளேடுக்குக் குறுக்காகத் திரும்பி நின்றது. அது தெரியாமல் நான் அப்படியே கடலில் இறங்கி, இன்றைக்கு ஏன் போர்டு நேராகப் போகவில்லை என்று பத்து நிமிஷம் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.